நிலுவையில் எதுவும் இல்லை

2022 ஒக்ரோபர் 18, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கிளிநொச்சியில் மழை இன்னும் தொடங்கவில்லை. வானம் கறுத்து, காற்று அசையாமல் நின்றது. பூட்டிக் கிடந்த பணிப்பாளர் அறைக்குள் கணினி மூன்று தடவை மணி அடித்தது. அலுவலகத்தின் வேறு வேலைகளும் அந்தக் கணினியில் ஓடியதால் அதை யாரும் நிறுத்துவதில்லை. பணிப்பாளர் இறந்தபின் அந்த மணி அடித்தது அது இருபத்துநான்காவது மாதம்.

அவர் எங்கள் அலுவலகத்தின் தகவல் தொழில்நுட்பப் பணிப்பாளர்; 'மடம்' என்றுதான் அந்த அம்மையாரை எல்லோரும் கூப்பிடுவோம். நான் பதிவறைப் பொறுப்பாளன். போரில் இடம்பெயர்ந்த காலத்து வைத்தியசாலைப் பதிவேடுகள் பன்னிரண்டைக் கணினியில் ஏற்றுவித்தவர் அவர்தான். அன்றன்று எத்தனை பக்கம் ஏறியது என்று மாலையில் நான் போய்ச் சொல்வேன். "ஐயா எல்லாத்தையும் எண்ணுவார், ஒண்டையும் வாசிக்கமாட்டார்" என்று சிரிப்பார். அந்தக் கோபத்தில் இரண்டு நாள் அவர் அறையில் தேநீர் குடிக்காமல் இருந்திருக்கிறேன்.

விதி எளிமையானது. பணிப்பாளர் ஒப்பமிட்ட தீர்மானங்களை என்றைக்கும் வைத்திருக்க வேண்டும். கணினி நாட்குறிப்பை, அவர் பதவியை விட்டு இரண்டு வருடத்தில் அழித்துவிட வேண்டும். அதற்கு முன், நிலுவையில் எதுவும் இல்லை என்று பொறுப்பாளர் ஒப்பமிட வேண்டும். அடுத்த வாரம் இரண்டு வருடம் நிறைந்தது. மொத்தம் 214 குறிப்புகள். 213 கூட்டங்கள். மாதாமாதம் மணி அடித்தது மிச்சமிருந்த ஒன்றுக்குத்தான். அதன் தலைப்பு, 'நெடுங்கேணி அம்மாவுக்குப் பதில்'. பதில் எப்போதோ போயிருக்கும் என்று நினைத்தேன்.

"ஐயா, ஒருக்கா திறந்து பாக்கேல்லையோ?" என்று கணினி அலுவலர் கேட்டார்.

"கணக்குச் சரி. அழியும்" என்றேன். ஒப்பமிட்டேன்.

நவம்பர் 18 மூன்று பத்துக்கு என்னையறியாமல் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அறை அமைதியாக இருந்தது. திங்கட்கிழமை காலை ஒரு வயதான அம்மா நனைந்த குடையோடு வந்தார்.

"மடத்துக்குச் சுகமில்லையோ ஐயா? மாதாமாதம் பதினெட்டாந் திகதி மூண்டு பத்துக்கு மெசேஜ் வரும். இந்தமுறை வரேல்லை."

பொலித்தீன் பையிலிருந்து தொலைபேசியை எடுத்துக் காட்டினார். 'அம்மா, உங்கள் மகனை இன்னும் தேடுகிறோம்.' ஒன்றன்கீழ் ஒன்றாக அதே வரி. கடைசி இருபத்துநான்கும் பணிப்பாளர் இறந்தபின் வந்தவை. அவருடைய சிதை எரிந்தபோது பக்கத்தில் நின்றவன் நான். 

"அவா தவறி ரெண்டு வருசம் அம்மா."

அவர் தொலைபேசியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் என்னோட கதைச்சது ஆர்?"

மணி அடிக்கும்போதெல்லாம் அந்தச் செய்தியைத் தானாக அனுப்பியது கணினிதான் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "பதிவேட்டில ஒரு பக்கம் கண்டனான், கொம்பியூட்டரில குறிச்சு வைச்சிருக்கிறன், வடிவாப் பாத்திட்டுச் சொல்லுறன் எண்டவா. அந்தப் பக்கத்தை எடுத்துத் தாங்கோவன், ஐயா."

அந்தப் பக்க எண் நான் அழிக்கச் சொன்ன குறிப்புக்குள் இருந்தது.

வருடக் கடைசியில் ஓய்வுபெற்றேன். பிறகு அனுமதி வாங்கி, திங்கள்தோறும் கண்டாவளையிலிருந்து பேருந்தில் போய், பன்னிரண்டு பதிவேடுகளையும் கணினியில் வாசிக்கத் தொடங்கினேன். எண்ணவில்லை, வாசித்தேன். முப்பத்தோராவது திங்கள், ஏழாவது பதிவேட்டில், அந்த மகனின் பெயரும் வயதும் நெடுங்கேணி என்ற ஊரும் ஒரே வரியில் இருந்தன. கடைசிக் கட்டத்தில் ஒரு சொல்: இறப்பு. ஓரத்தில் பணிப்பாளரின் குறி, அவர் சாவதற்கு நான்கு மாதம் முந்திய திகதியோடு. அவர் வடிவாகத்தான் பார்த்திருக்கிறார். சொல்லத்தான் முடியவில்லை.

அன்று என் தொலைபேசியில், மாதாமாதம் பதினெட்டாம் திகதி மூன்று பத்துக்கு மணி வைத்தேன். 'நெடுங்கேணி அம்மாவுக்குப் பதில்.' இதுவரை ஐந்து மாதம் அடித்துவிட்டது. ஒரு தடவை அடிக்கத்தான் வைத்தேன். அடிப்பது, அந்த அறைக் கணினியைப் போல, மூன்று தடவை.

முப்பத்தொரு திங்கள், போகவர 192 ரூபாப்படி, பேருந்துச் செலவு 5,952 ரூபா. நெடுங்கேணிக்கு இன்னும் போகாததால் அந்தச் செலவு இதில் சேரவில்லை.