சத்துமாவு உருண்டையும் எழுபத்தேழு டெசிபலும்

இரைச்சல் அளக்கும் வேலையிலேயே எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் மீட்டரை ஏரியில் வீசிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றியது ஒரே ஒரு நாள்தான். உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் நடுவில், ஒரு கல் கிரஷர் முன்னால்.

கிரஷரை ஒட்டியே அங்கன்வாடி. பிள்ளைகள் மதியம் தூங்க முடியவில்லை என்று டீச்சர் செல்வி மனு போட்டிருந்தார். சத்தம் வரம்பை மீறுகிறது என்று என் ரிப்போர்ட் சொன்னால் கிரஷரைச் சுற்றித் தடுப்பு வரும். சொல்லாவிட்டால் அங்கன்வாடி ஏரிக்கு அந்தாண்டை ஊருக்குப் போய்விடும். இப்போதுதான் நடக்கப் பழகிய பிள்ளைகள் அவ்வளவு தூரம் எப்படிப் போகும்?

ஸ்டாண்டில் மீட்டரை மாட்டி, நம் காது கேட்கிற விதத்தில் அளக்கும் ‘ஏ வெயிட்டிங்’கில் வைத்தேன். கிரஷர் ஓடும்போது எண்பத்தொன்று. பிறகு நிறுத்தச் சொன்னேன். அது ஓடாதபோது அந்த இடத்தில் இருக்கும் சத்தத்துக்கு பேக்ரவுண்டு என்று பெயர். அதையும் அளந்தாக வேண்டும். மீட்டர் காட்டியது எழுபத்தொன்பது!

எல்லாம் ஊர் ஜனங்களின் வேலை. கிரஷர் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகியவர்கள், அது நின்ற பிறகும் பக்கத்தில் நிற்பவரிடம் கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் மூன்றுக்குக் கீழே இருந்தால், கிரஷர் மேல் பழி போட முடியாது.

கிரஷர் ஓனர் என் பக்கத்தில் வந்தார். “எண்பத்தொண்ணுல எழுபத்தொம்போது போனா, என்னுது வெறும் ரெண்டுதானே சார்?”

“டெசிபலை அப்படிக் கழிக்கக் கூடாதுங்க. எண்பதும் எண்பதும் சேர்ந்தாலே எண்பத்து மூணுதான்.”

அவர் முகம் மலர்ந்தது. “மூணுதான் ஏறுமா? அப்ப இன்னொரு கிரஷர் போட்டுக்கலாமே!”

எங்கே போய் முட்டிக்கொள்வது? பத்து நிமிடம் எல்லோரும் பேசாமல் இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டேன். உடனே ஒருவர் ஓடிப்போய்க் கோயில் மைக்கைப் பிடித்தார். “யாரும் பேசாதீங்க! சார் அளந்துக்கினு கீறாரு! இன்னாம்மா அங்க சத்தம்? பேசாதீங்க!” பத்து நிமிடமும் ஓயவில்லை. மீட்டர் எண்பத்தெட்டுக்கு ஏறியது.

செல்வி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் ஒரு பேசின் நிறையச் சத்துமாவு உருண்டை. முதல் உருண்டை மைக் பிடித்தவருக்கு. ஓனரும் மரியாதைக்கு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அந்த மாவு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் எப்பேர்ப்பட்டவருக்கும் பேச்சு வராது. ஊரே மென்றது.

நாற்பத்தேழு!

கையைக் காட்டி கிரஷரை ஓட்டச் சொன்னேன். எழுபத்தேழு. குடியிருப்புக்குப் பகல் வரம்பே ஐம்பத்தைந்துதான். ஓனர் ஆட்சேபம் சொல்ல வாயைத் திறந்தார். மாவுதான் வந்தது.

புதிதாக மீட்டர் பிடிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எது யார் சத்தம் என்று மீட்டருக்குத் தெரியாது. முதலில் பேக்ரவுண்டை அடக்குங்கள்.

தடுப்பு போட்ட பிறகு ஒரு மதியம் டீச்சர் போன் செய்தார். நான் டீக்கடையில் இருந்தேன்.

“சார்! அங்கன்வாடி எங்கயும் போவல! இங்கியே கீது! பசங்கல்லாம் தூங்குதுங்க!”

டீக்கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. “சந்தோஷம் டீச்சர். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, பிள்ளைங்க எழுந்துக்கப் போவுது.”

“மெதுவாத்தான் சார் பேசிக்கினு கீறேன்!”