மொட்டை போட்ட மறுநாள்

எங்கள் ஏழு வயது மகளுக்கு மூளையில் கட்டி. ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்குக் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அழைத்துப் போனோம். தலை அசையாமலிருக்க அவள் முகத்துக்கு அச்செடுத்துச் செய்த வலை மாஸ்க்கை மாட்டுவார்கள். பிறகு ஸ்கேன் படம் எடுத்து, தலை பழைய இடத்திலேயே இருந்தால்தான் கதிரைச் செலுத்துவார்கள்.

முடி கொட்டத் தொடங்கியதும் என் மனைவி, "கொட்டுற முடி அம்மனுக்கே போகட்டும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை தேன்கனிக்கோட்டைப் பக்கம் குலதெய்வக் கோயிலில், மச்சான் மடியில் உட்கார வைத்து மொட்டை போட்டோம். தான் மட்டும் மொட்டையா என்று பாப்பா அழுததால் நானும் மச்சானும் போட்டுக்கொண்டோம்.

மறுநாள் படத்தைப் பார்த்த டெக்னீஷியன், மெஷினை ஓட்டாமல் வெளியே வந்தார். எங்கள் மொட்டைகளை மாறி மாறிப் பார்த்தார்.

"முடி எங்க சார்?"

"அம்மனுக்குக் குடுத்துட்டோம் சார்."

"முடியோட அச்செடுத்த மாஸ்க் சார் அது. இப்ப உள்ள தலை ஆடுது. படம் எடுக்காம வுட்டிருந்தா, கதிர் கட்டிய வுட்டு வேற எடத்துல பட்டிருக்கும்."

கம்பெனியில், பிடிமானத்தில் மாட்டிய இரும்பு ஜாப் ஆடினால் டிரில்லை இறக்காதே என்று தினமும் கத்துபவன் நான்.

புது மாஸ்க் செய்தார்கள். இப்போதெல்லாம் எந்த வேண்டுதலையும் முதலில் அவரிடம்தான் சொல்கிறேன். தீமிதி பாக்கியிருப்பதையும் சொன்னேன்.

"பாப்பாவா மிதிக்கணும்?"

"இல்ல சார், நான்தான்."

"தாராளமா மிதிங்க. உங்க கால் எங்க படத்துல வராது."