நான் கட்டிய விமானம் கரையில் இறங்கிய நாள்

2007-ஆம் வருடம், பங்குனி மாதம் நடந்தது இது. கடலாடிக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் உள்ள ஒரு சின்ன ஊர் எங்களுடையது. என் கணவர் அப்போது சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். ஊரில் மாமனாரும் மாமியாரும் நானும் மிளகாய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மைதானத்தில் ரிமோட் விமானம் விடுவார்களாம். இவர் வேடிக்கை பார்க்கப் போய், அங்கே வந்த ஒருவரோடு பழகி, அவருடைய விமானத்தை வைத்தே ஓட்டவும் கற்றுக்கொண்டார். கடைசியில் தனக்கும் ஒன்று வாங்கிவிட்டார். வாங்கியது விமானம் அல்ல, ஒரு பெட்டி. உள்ளே மரத்தகடுகள், குச்சிகள், ஒரு பெரிய வரைபடம். நாமே வெட்டி ஒட்டிக் கட்டிக்கொள்ள வேண்டும். லீவில் வந்து கட்டலாம் என்று, ஊருக்கு வந்த ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டார். ஆனால் 2006-இல் அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

பெட்டி பீரோ மேல் கிடந்தது. ஒருநாள் திறந்து பார்த்தேன். அந்த மரம் முருங்கைக் கட்டையைவிட லேசாக இருந்தது, நகம் பட்டாலே பள்ளம் விழுந்தது. வரைபடத்தைத் தரையில் விரித்தேன். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைப்பவள். அந்தப் படத்தைப் பார்த்ததும் பயம் வரவில்லை. ஜாக்கெட்டுக்கு வெட்டுகிற அளவுத் துணிகளைப் பரப்பி வைத்த மாதிரிதான் தெரிந்தது.

போனில் கேட்டேன், "நான் ஆரம்பிக்கட்டுமா?"

"அது பொம்மை இல்ல. ஒரு நூல் கோணினாலும் பறக்காது" என்றார்.

"ஒரு நூல் கோணினா ஜாக்கெட்டுந்தான் போட முடியாது" என்றேன். சிரித்துவிட்டு, சரி என்றார்.

ஏழு மாதம் ஆனது. பழைய கதவுப் பலகை ஒன்றைப் படுக்கப்போட்டு, அதன் மேல் வரைபடம், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். குச்சிகளைக் கோட்டின் மேலேயே வைத்து, குண்டூசி குத்தி, பசை விட்டுக் காயவிட வேண்டும். இறக்கைக்குள் வருகிற மெல்லிய மரத்துண்டுகள் விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்கும். முதல் தடவை விமான உடம்பின் இரண்டு பக்கப் பலகைகளையும் இடது பக்கத்துக்கே செய்துவிட்டேன். தைக்கப் பழகிய புதிதில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டியவள்தானே நான். ஒன்றைப் பிளேடால் பிரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி ஒட்டினேன். கடைசியில் வெள்ளை பிளாஸ்டிக் தாளை இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி இறக்கை மேல் இழுத்து ஒட்டியபோது அது மேளத் தோல் மாதிரி விறைத்துக்கொண்டது. பெட்டியோடு வந்திருந்த எழுத்தும் எண்ணும் கலந்த சிவப்பு ஸ்டிக்கர்களையும் இறக்கையில் ஒட்டினேன். மாமியார் வந்து பார்த்துவிட்டு, "எம்புட்டு பெரிய கொக்கு" என்றார்.

பங்குனியில் கணவர் வந்தார், ஒரு மாத லீவு. விமானத்தைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து நுனியிலிருந்து வால் வரை பார்த்தார். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினார். இரண்டு பக்கமும் சாயாமல் நின்றது. அன்று ராத்திரி சாப்பிடும்போது, "நான் கட்டியிருந்தா இம்புட்டு நேரா வந்திருக்காது" என்றார்.

அவர் கொண்டுவந்த சின்ன எஞ்சினையும் வயர் வேலைகளையும் சேர்ந்து பொருத்தினோம். மதுரையில் மெத்தனால் வாங்கி, விளக்கெண்ணெய் கலந்து எரிபொருள் தயாரித்தார்.

ஊருக்குத் தெற்கே ஒரு பொட்டல் உண்டு. கடல் அங்கிருந்து நாலு கிலோமீட்டர். ஒரு காலையில் பைக்கில் விமானத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். முதல் தடவையே பறந்தது. நான் இஸ்திரி போட்ட இறக்கை ஆகாயத்தில் வெயில் பட்டு மின்னியதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து நிமிடம் சுற்றிவிட்டு இறங்கியது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். முந்தின நாள் கரண்ட் வந்து வந்து போனதில் விமானத்துக்குள் இருந்த பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறவில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். "இன்னொரு ரவுண்டு தாங்கும்" என்றார் அவர். நானும் தலையாட்டினேன்.

டேங்கை நிரப்பி மறுபடி ஏற்றினார். மூன்றாவது நிமிடம் அவர் முகம் மாறியது. ரிமோட்டில் உள்ள குச்சியை எந்தப் பக்கம் தள்ளினாலும் விமானம் கேட்கவில்லை. நேராகத் தெற்கே போனது. கரைக்காற்று வேறு பின்னாலிருந்து தள்ளியது. மோசமாகக் கட்டியிருந்தால் அங்கேயே தலைகுப்புற விழுந்திருக்கும். நன்றாகக் கட்டியிருந்ததால், பிடிக்க ஆளில்லாமலே ஒழுங்காகப் பறந்து கண்ணுக்கு மறைந்தது.

பைக்கில் தேடிக்கொண்டே போனோம். உடைமர முள்ளுக்காடு, உப்பளம், எங்கும் இல்லை. ஒன்பதரை மணி இருக்கும், கடற்கரைச் சாலையில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அங்கே ஏற்கெனவே அதே பேச்சுதான். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"கடக்கரையில சின்னப் பிளேன் ஒண்ணு விழுந்து கெடக்காம். உள்ள பேட்டரி, வயரு எல்லாம் இருக்காம். பாம்தான்னு சொல்றாக. போலீசு வந்து அங்கன உள்ள வீட்டாளுக அம்புட்டு பேரையும் வெளிய அனுப்பிருச்சு. ராமநாதபுரத்துல இருந்து குண்டு எடுக்குற ஆளுக வாராகளாம்."

அது எந்தக் காலம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை. ஆகாயத்தில் சத்தம் கேட்டாலே எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். கரையில் கேட்பாரற்று ஒரு பை கிடந்தாலே விசாரணை வரும். இதையெல்லாம் தெரிந்துகொண்டே, கடலுக்கு நாலு கிலோமீட்டரில் ரிமோட் விமானம் விட்டிருக்கிறோம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கணவர் டீயைக் குடிக்கவில்லை. காசை வைத்துவிட்டு பைக்கைத் திருப்பினார். வந்த வழியே ஊருக்கு விட்டார். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ரிமோட்டைத் துணியில் சுற்றி நெல் குதிருக்குள் போட்டேன். நான்தான் போட்டேன், அவர் சொல்லவில்லை.

"கேஸுன்னு எழுதிட்டாகன்னா பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிருவாக. பன்னண்டு நாள்ல நான் திரும்பணும். வேலை போச்சுன்னா திரும்பக் கெடைக்காது" என்றார் கணவர்.

"அவுக திறந்து பார்த்தா பாம் இல்லன்னு தெரிஞ்சிரும். அதோட போயிரும்" என்றேன் நான்.

அப்படிச் சொல்லிக்கொண்டு உலை வைத்தேன். குழம்பு வைத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது.

உச்சி நேரத்தில் மாமனார் கடலாடியிலிருந்து உரம் வாங்கிக்கொண்டு வந்தார். எங்களுக்குப் பொட்டலில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. மூட்டையை இறக்கிக்கொண்டே சொன்னார்.

"கடக்கரையில ஒரே களேபரம். பிளேன் ஒண்ணு விழுந்துச்சாம்ல, அதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தவன் ஒருத்தனை உக்கார வச்சு விசாரிக்கிறாகளாம். 'நீ எந்தப் படகுல போற, அங்கிட்டு ஆருகூடப் பழக்கம்'னு. பாவம், மீன் பிடிக்கிறவன். கரையில கெடந்ததப் பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கலாம்னு எடுத்தானாம்."

எனக்கு அடுப்படியில் நிற்க முடியவில்லை. யாரோ ஒருவர் எனக்காக உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியாத கேள்விகளுக்கு.

கணவரிடம் போனேன். "நான் போறேன். கட்டினது நான்தான். எனக்குப் பாஸ்போர்ட்டும் இல்ல, போற வேலையும் இல்ல" என்றேன்.

அவர் சட்டையை மாட்டினார். "விட்டது நான்தானே. ரெண்டு பேரும் போவோம்."

குதிரிலிருந்து ரிமோட்டை எடுத்தேன். வரைபடம், பெட்டி, மிச்சமிருந்த மரத்தகடுகள், பசை பாட்டில், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன்.

நாங்கள் போனபோது கரையோரமாக ஒரு ஜீப்பும் ஒரு வேனும் நின்றன. கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் உடைமர நிழலில் முப்பது நாற்பது பேர், வயசானவர்கள், பிள்ளைகள். ஒரு பெண் பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, சேலை முந்தானையை இழுத்துப் பிடித்து அதற்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜீப்புக்குப் பக்கத்தில் மணலில் ஒருவர் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. முப்பது வயது இருக்கும். வெயிலில் முகம் காய்ந்து போயிருந்தது.

இன்ஸ்பெக்டரிடம் நான்தான் முதலில் பேசினேன். "சார், அது எங்களோடது. பாம் இல்ல, விளையாட்டு விமானம். நான்தான் செஞ்சேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க செஞ்சீங்களா?"

வரைபடத்தை ஜீப் பானட்டின் மேல் விரித்தேன். காற்றில் பறக்காமல் கணவர் நாலு மூலையையும் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த வயர் எங்கே போகிறது, இந்தப் பெட்டி என்ன, இறக்கையில் உள்ள எழுத்துக்கு என்ன அர்த்தம். ஸ்டிக்கருக்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, பெட்டியோடு வந்தது என்று மிச்ச ஸ்டிக்கரைக் காட்டினேன். தேவையானால் நானே போய்த் திறந்து காட்டுகிறேன் என்றேன். விடவில்லை. குண்டு எடுக்க வந்திருந்தவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, எப்படித் திறப்பது என்று கேட்டார்.

"இறக்கைய ரப்பர் பேண்டு போட்டுத்தான் கட்டியிருக்கு சார். பக்கத்துக்கு ஆறு. அதைக் கழட்டுனா இறக்கை தனியா வந்திரும். உள்ள ஸ்பாஞ்சுல சுத்தின பேட்டரி இருக்கும்."

அவர் கனமான உடுப்பைப் போட்டுக்கொண்டு தனியாக நடந்து போனார். தூரத்தில் அவர் குனிந்து ஒவ்வொரு ரப்பர் பேண்டாகக் கழற்றுவது தெரிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். என் கையால் வைத்து மூடியது. ஆனாலும் அந்த மனிதர் கையை உயர்த்திக் காட்டும்வரை மனசுக்குள் ரப்பர் பேண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் திரும்பிக் கேட்டார். "காலையில விழுந்தது. இப்ப மணி ஒண்ணரை. இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?"

"தேடிக்கிட்டே இருந்தோம் சார். இப்பத்தான் தெரிஞ்சது" என்றார் கணவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவும் பொய்தான்.

எழுதி வாங்கினார்கள். விமானத்தையும் ரிமோட்டையும் வைத்துக்கொண்டார்கள். அடுத்து, உட்கார்ந்திருந்தவரை எழுப்பி, இவர்கள் மேல் புகார் தருகிறாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவர் எழுந்து மணலைத் தட்டினார். எங்களைப் பார்த்தார்.

"வேணாம் சார். அவுகளா வந்து சொல்லிட்டாகல்ல. விடுங்க" என்றார்.

அந்தக் குழந்தை வைத்திருந்த பெண் அவருடைய மனைவி. அது இரண்டாவது பிள்ளை, பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. நான் போய் மன்னிப்புக் கேட்டபோது அவள் பிள்ளைக்குத் தொண்டை நனைக்க வைத்திருந்த வெந்நீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

இன்ஸ்பெக்டர் எச்சரித்து அனுப்பினார். கேஸ் வரவில்லை. கணவர் குறித்த நாளில் சிங்கப்பூர் போனார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும், அவுகளா வந்து சொல்லிட்டாக என்று அந்த மனிதர் சொன்னதே காதில் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தனியாக பஸ் ஏறிப் போனேன். குழந்தைக்கு நான் தைத்த நாலு சட்டைகளைக் கொண்டுபோனேன். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். சட்டைகளை வாங்கிக்கொண்டாள். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். அன்று காலையிலேயே எங்களுக்குத் தெரியும், பயந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டோம், உங்கள் வீட்டுக்காரரைப் பிடித்தது தெரிந்த பிறகுதான் வந்தோம் என்று.

அவள் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்க்கா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க வந்த டீக்கடை எங்க சின்ன மாமனாரு கடைதான். நீங்க பெட்டிய வச்சு போலீசுகிட்டப் பேசும்போதே அவரு இங்கன வந்துட்டாரு. 'காலையில இவுகதான் வந்து கேட்டுட்டு, டீயக்கூடக் குடிக்காமத் திரும்பிப் போனாக'ன்னு எங்கிட்டச் சொன்னாரு. நீங்க எழுதிக் கொடுத்துக்கிட்டு இருக்கையில எங்க வீட்டுக்காரரு காதுலயும் போட்டுட்டாரு."

"தெரிஞ்சுமா வேணாம்னு சொன்னாரு?"

"எனக்கு ஆத்தாமைதான். புகார் கொடுங்கன்னுதான் நான் மாமாகிட்டச் சொல்லிவிட்டேன்" என்றாள் அவள். "அவருதான், 'போனவுக அப்படியே போயிருக்கலாம்ல, திரும்பி வந்தாகல்ல'ன்னாரு."

பிறகு சட்டை ஒன்றை விரித்து, உள்பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்தாள். கழுத்து கொஞ்சம் பெரிசு, பிள்ளை வளர்ந்தால் சரியாக இருக்கும் என்றாள். அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

அந்த விமானம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் ஒரு தவறைச் செய்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று அடுப்படியில் நின்று யோசிக்கும்போதெல்லாம், நான் யோசித்து முடிக்கும்வரை யாரோ ஒருவர் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு வந்து என்னைக் கிளப்பிவிடுகிறது.