ராயபுரத்து வெயிலில் ஒரு ஜோடிக் கையுறை

கொடியில் காயப்போட்ட கையுறைகளைப் பார்க்கக் கூட்டம் சேரும் ஊர் ஒன்று உண்டு என்று நுவரெலியாவில் எவரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. இலக்கியம் படிப்பதற்காகச் சென்னைக்கு வந்து, ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் ஒரு மாடி அறையில் குடியேறிய முதல் வாரம் அது. கப்பலிலும் ரயிலிலும் ஈரம் கோத்துப் பூசணம் பிடித்திருந்த அப்பாவின் தோல் கையுறைகளைத் துடைத்து வெயிலில் போட்டிருந்தேன். வீட்டுக்காரரான செல்லம்மா அக்கா கீழ்ப்பகுதியில் குடியிருக்கிறார். கடற்கரையில் மீன் ஏலம் கூவுகிறவர். அவர் கொடியிலிருந்து ஒரு கையுறையை எடுத்து, ஐந்து விரல்களுக்குள்ளும் தனித்தனியே ஊதிப் பார்த்தார்.

“இன்னா பொண்ணு இது? காலுக்குப் போடுற சாக்ஸுக்கு வெரல் இன்னாத்துக்கு?”

“காலுக்கு இல்லை அக்கா, கைக்கு.”

“கைக்கா? இந்த வெய்யில்ல கைய மூடிக்கினு இன்னா பண்ணப்போற?”

“விளையாட்டுகளைப் படம் பிடிப்பேன்” என்றேன். முழு உண்மை; ஆனால் அது தெருவுக்குப் போதவில்லை. மாலைக்குள் தெரு தனக்கு வசதியான உண்மை ஒன்றைத் தானே தயாரித்துக்கொண்டது: சிலோனிலிருந்து வந்திருக்கும் பெண்ணுக்குக் கையில் படை, அதனால்தான் மூடிக்கொண்டு திரிகிறாள். மறுநாள் காலை என் கதவடியில் ஒரு கிண்ணம் நிறைய அரைத்த வேப்பிலை இருந்தது. நான் அதைப் பூசிக்கொண்டேன். இல்லாத படையை மறுத்துப் பேசுவதைவிட அதற்கு மருந்திடுவது எளிது. தவிரவும், எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது.

உங்களில் மலைநாட்டவர்களுக்குக் கையுறையின் பெருமையை நான் விளக்க வேண்டியதில்லை. அப்பா நுவரெலியாவில் குதிரைப் பந்தயங்களையும், துரைமார் கோல்ஃப் மட்டையால் புல்லை அடித்துப் பந்தைத் தவறவிடும் காட்சிகளையும் படம் பிடித்துப் பிழைப்பவர். குளிரில் விறைத்த விரல் ஷட்டரை அமுக்குவதற்குள் வென்ற குதிரை லாயத்துக்குப் போய்க் கொள்ளு தின்ன ஆரம்பித்துவிடும். ஆகவே அவர் வலது கையுறையின் கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் கத்தரித்து எறிந்துவிட்டார். அந்த இரு நுனிகள் மட்டும் பனியில் சிவந்து வெளியே எட்டிப் பார்க்கும். அவர் எடுத்த படங்களில் குதிரையைக் காட்டிலும் மூடுபனியே தெளிவாக விழும் என்பது வேறு விஷயம். நான் புறப்பட்டபோது, சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் வாங்கிய இரும்புக் கனம் கனக்கும் காமிராவையும், கையுறைகளையும், பல பைகள் வைத்த கம்பளிக் கோட்டையும் என்னிடம் கொடுத்தார். சென்னையில் வெயில் அடிக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதை நாங்கள் ஒரு வதந்தி அளவில்தான் எடுத்துக்கொண்டிருந்தோம்.

தண்டையார்பேட்டை கிடங்குகளுக்குப் பின்னால், புல் என்பதைக் கேள்விப்பட்டிராத ஒரு மைதானம் இருக்கிறது. அங்கே நடந்த கால்பந்தாட்டத்துக்குக் கல்லூரி மலரின் சார்பில் முதன்முறையாகச் சென்றேன். பிலிம் சுருள்களை வைக்கச் சேலையில் பை கிடையாது. அதனால் சேலைக்கு மேல் அப்பாவின் கம்பளிக் கோட்டை அணிந்திருந்தேன். இடைவேளைக்குள் எனக்குக் கண் இருட்டியது. கோட்டைக் கழற்றியதும் கடற்காற்று முந்தானையைக் கைப்பற்றியது. படங்களைக் கழுவிப் பார்த்தபோது, அன்றைய ஆட்டத்தின் முக்கிய நிகழ்ச்சிகள் யாவற்றிலும் என் சேலைக் கரையின் மாங்காய்ப் புட்டாவே கலந்துகொண்டிருந்தது. காமிராவின் உலோக உடலோ தோசைக்கல்லாகக் காய்ந்து உள்ளங்கையைச் சுட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கிற்று: அங்கே குளிருக்கு அணிந்ததை இங்கே சூட்டுக்கு அணிய வேண்டும். அடுத்த ஆட்டத்தில் கையுறைகளோடு கோல் கம்பத்தருகே நின்றேன்.

“இன்னாம்மே, பாக்ஸிங்கா?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் விசாரித்தார்.

“ரிங்கு அந்தாண்ட கீது, இது புட்பாலு!” என்றார் இன்னொருவர், வழி தவறியவளுக்கு உதவும் குரலில்.

என் உடையைச் சீர்திருத்தும் பொறுப்பைச் செல்லம்மா அக்கா கேட்காமலே ஏற்றார். துறைமுகத்தில் கூலி வேலை செய்யும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் சட்டையை மாட்டி முந்தானையை அடக்கிவிடுவதை நானும் பார்த்திருந்தேன். அது எனக்குரிய உடை என்று மட்டும் எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அவருடைய தம்பி தேசிங்கின் பழைய காக்கிச் சட்டை எனக்கு வந்தது. அதில் பெரிய பைகள் இருந்தன, மீன் வாசனையும் இருந்தது. சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிச் செருகி, இடுப்பில் சுருக்குப்பை ஒன்றைக் கட்டிவிட்டார். தலைக்குத் துண்டு, காலுக்கு லாரி டயர் செருப்பு. கண்ணாடியில் பார்த்தேன். இலக்கிய மாணவி எங்கும் தென்படவில்லை. “இப்ப சோக்கா கீது. காத்து இன்னா, புயலே வந்தாலும் ஒன்னை அசைக்க முடியாது” என்றார் அக்கா. கம்பளிக் கோட்டை அவர் பூனைக்கு விரித்துவிட்டார். பூனையும் அதில் படுக்க மறுத்தது.

இனி அந்தச் சட்டையின் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேசிங்கு துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். காலையில் மேஸ்திரி பெயர் சொல்லி அழைத்தால் அன்று வேலை. அழைக்காவிட்டால் காத்தாடி விடுவார். கல்மண்டபம் அணிக்குக் கோல் காப்பவரும் அவரே. திருவொற்றியூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில், நன்றாக ஆடுபவர்களுக்கு நிரந்தர வேலை கொடுத்துத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அங்கே ஓர் அதிகாரி இவரிடம், “பேச்செல்லாம் வேண்டாம், பந்தைப் பிடிக்கிற போட்டோ ஒன்று கொண்டு வா” என்று சொல்லியிருந்தார். வெயிலில் நின்று நேரில் பார்க்க அதிகாரிக்குக் கையுறை இல்லை போலும். பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. அதில் கிடைக்கும் படம்தான் தேசிங்கின் வேலை. அதன் பிறகு மழைக்காலம், மைதானம் குளமாகிவிடும்.

ஆட்டத்துக்கு முந்திய நாள் மூட்டை தூக்கும் கொக்கி வழுக்கி அவருடைய வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. இடைவேளையில் அவர் என்னிடம் வந்தபோது கையில் சுற்றியிருந்த துணி முழுவதும் நனைந்து சிவந்திருந்தது.

“தங்கச்சி, அந்த வலது கை ஒறைய இப்டி குடு.”

“அது அப்பாவுடையது...”

“ஒங்கப்பாவா இங்க கோலுக்கு நிக்கிறாரு?”

கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை மாட்டியதும் கூட்டத்தில் பதற்றம் எழுந்தது. “வேணாம் நைனா! அந்தப் பொண்ணுக்குப் படை! ஒட்டிக்கும்!”

“ஒட்டட்டும்டா. பந்தும் ஒட்டும்ல?” என்று சொல்லிவிட்டு அவர் கோலுக்குள் போய் நின்றார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. உறையிட்ட இடக்கையில் காமிராவைத் தாங்கி, வெறும் வலக்கையை அதன்மேல் வைத்தேன். சுட்டது. கையை எடுத்தால் படம் போய்விடும். எடுக்காவிட்டால் தோல் போய்விடும் என்று தோன்றியது. எடுக்கவில்லை. பந்து புறப்பட்டது, தேசிங்கு பாய்ந்தார், விரலை அமுக்கினேன். அதற்குப் பிறகு மைதானத்தில் எழுந்த ஓசையிலிருந்துதான் பந்து உள்ளே போகவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

படத்தைக் கழுவி எடுத்துவந்து செல்லம்மா அக்காவிடம் கொடுத்தேன். என் படங்களில் இதுவே மிகத் துல்லியமானது. கயிற்று வலையின் முடிச்சுகளை எண்ணலாம். கால்கள் கிளப்பிய புழுதியையும் தனித்தனிப் பொடியாகப் பிரிக்கலாம். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூஞ்சி எங்க?”

“பந்துக்குப் பின்னால் இருக்கிறது, அக்கா.”

“அப்ப பந்துக்குத்தான் வேலை குடுப்பான்.”

அன்று நான் சாப்பிடவில்லை. ஒரு மனிதரின் மாதச் சம்பளத்தை முகம் தெரியாமல் படம் பிடித்திருந்தேன். தேசிங்கு மட்டும் படத்தோடு அந்தக் கையுறையையும் எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்குப் பஸ் ஏறினார். நடந்ததை மாலையில் அக்கா ஏலக் குரலிலேயே தெருவுக்கு அறிவித்தார்.

“ ‘இது நீதான்னு இன்னா அத்தாட்சி?’ன்னு கேட்டுக்கீறான் அந்த ஆபீசரு. இவன் ஒறைய மாட்டிக்கினு படத்துல கீற மாதிரியே எகிறி நின்னான். அதே ஒறை, அதே மாதிரி ரெண்டு வெரல் வெளிய! அப்பயும் நம்பாம, மேசை மேல இருந்த சாத்துக்குடியத் தூக்கி வீசிக்கீறான். வுடுவானா எங்காளு? அப்பால இன்னா, சாத்துக்குடியும் கெடைச்சுது, வேலையும் கெடைச்சுது!”

மலைநாட்டுக் குளிருக்காக அப்பா கத்தரித்த இரண்டு விரல் நுனிகள் திருவொற்றியூரில் ஒருவருக்கு அடையாளச் சான்றாகிவிட்டன. அதற்குப் பிறகு கையுறையைத் திரும்பக் கேட்பது நாகரிகமாக இராது, கேட்டாலும் கிடைத்திராது. அதை அணியாமல் தேசிங்கு இப்போது கோலுக்குள் கால் வைப்பதில்லை. பதிலுக்கு அவரே ஒரு வலது கையுறை தைத்துக் கொடுத்தார். உடல் கித்தான் துணி. உள்ளங்கையிலும் விரல்களிலும் சைக்கிள் டியூப் ரப்பர். காத்தாடி விடுகிறவர்கள், கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் அறுக்காமலிருக்க விரலில் மாட்டும் அதே ரப்பர்தான். வியர்த்தாலும் காமிரா வழுக்குவதில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அவரும் நுனியின்றியே விட்டிருந்தார்; கையுறை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டார்.

விடுமுறைக்கு ஊருக்குச் சென்றேன். தலைமன்னாரில் பெட்டியைச் சோதித்த சுங்க அதிகாரி, தோலில் ஒன்றும் கித்தானில் ஒன்றுமாகத் தூக்கிப் பிடித்து, “இது ஜோடியா?” என்று கேட்டார். “ஆம்” என்றேன். அவர் என் கடவுச்சீட்டை இன்னொரு முறை புரட்டினார். வீட்டில் அப்பா கேட்டது அதைவிடச் சுருக்கம்.

“வலது எங்கம்மா?”

“வேலைக்குப் போகிறது, அப்பா.”

மறுநாள் பந்தயத் திடலில், மூடுபனிக்குள் அப்பாவின் அருகே நின்றேன். இடக்கை கதகதப்பாக இருந்தது. வலக்கையில் ரப்பர் விறைத்துக் கட்டையாகி, குதிரைகள் கடந்து போனபின்தான் விரல் மடங்கியது. இப்போது மீண்டும் தண்டையார்பேட்டையில் கோல் கம்பத்தருகே, மீன் வாசனைச் சட்டையோடு நிற்கிறேன். வலக்கைக்குக் குறையொன்றும் இல்லை. இடக்கைதான் தோல் உறைக்குள் வெந்து வியர்க்கிறது. அந்த உறை இன்னும் நுவரெலியாப் பனியில்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.