டாக்டர் தவமலர் திரையில் காட்டிய சிவப்பு

முதல் நோயாளி கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் கருவியைத் தயார் செய்துவிட்டு டாக்டர் தவமலருக்காகக் காத்திருந்தேன். தொலைபேசி அடித்தது, டாக்டரின் கணவர். “சிஸ்டர், மலர் போயிட்டா. காலையில எழுப்பினேன், எழுந்திரிக்கல.” மாரடைப்பு. நான் போனை வைத்துவிட்டு, “டாக்டர் வந்துக்கிட்டு இருக்காங்க” என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

முந்தின நாள்தான் டாக்டர், “நாளைக்கு நான் நாசி லெமாக் வாங்கிட்டு வரேன், யாரும் சாப்பிட்டுட்டு வராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

நம் கிளினிக்குக்கு வரும் சாந்தியை இங்கே சிகிச்சைக்கு வரும் உங்களில் பலருக்குத் தெரியும். தெப்ராவில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. காலையில் விரல்கள் மடங்காது. இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. லீவுக்காக நடிக்கிறாள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். டாக்டர் சாந்தியின் விரல் மூட்டில் ஜெல் தடவி ஸ்கேன் செய்தார். திரையில் மூட்டைச் சுற்றிச் சிவப்பு மினுங்கியது.

“பாருங்க, அழற்சியால அங்க ரத்தம் கூடுதலா ஓடுது. முடக்குவாதத்தோட ஆரம்பம். எக்ஸ்ரேல தெரியுற வரைக்கும் விட்டா எலும்பு அரிச்சிடும்.”

சாந்தி அழுதார்.

“அலமாக், பயந்துட்டீங்களா?” என்று டாக்டர் பதறினார்.

“இல்ல டாக்டர். நான் பொய் சொல்லலன்னு இப்பதான் தெரிஞ்சிது.”

மாத்திரை சாப்பிட்ட சில மாதங்களில் வலி போய்விட்டது. சாந்தி மாத்திரையை நிறுத்தக் கேட்டார். டாக்டர் மறுபடி ஸ்கேன் செய்தார். விரல் மூட்டில் சிவப்பு இன்னும் இருந்தது. “வலி போயிடுச்சு, நோய் போகல. பொறுங்க லா.” சாந்தி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் மாத்திரையை விடவில்லை. இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறார்.

இல்லாத நோயை டாக்டர் இருப்பதாகவும் சொன்னதில்லை. பாலோவிலிருந்து வந்த ஒருவர், தனக்கு முடக்குவாதம்தான், ஊசி போடுங்கள் என்று சத்தம் போட்டார். ஸ்கேனில் அழற்சி இல்லை. “உங்களுக்கு வலி இல்லன்னு நான் சொல்லலண்ணே. இந்த நோய் இல்லன்னுதான் சொல்றேன்” என்று அவரை உட்கார வைத்து, மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தார்.

இறுதிச் சடங்கில் சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். “நமக்கெல்லாம் முன்கூட்டியே பார்த்தாங்களே சிஸ்டர், அவங்களுக்கு யாரு பார்த்தா?”

புதிதாக வரும் எவரிடமும் டாக்டர், “எங்க வலிக்குது?” என்று தொடங்கமாட்டார். “காலையில என்ன வேலை செய்ய முடியல?” என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். நேற்று ஒரு பெண், “மகளுக்குச் சடை பின்ன முடியல” என்றார். அவர் சொல்லி முடிக்கும்வரை குறிப்பெழுத நான் பேனாவைத் தொடவில்லை. அதுவும் டாக்டரிடமிருந்து வந்ததுதான்.