கிருமி என்று எழுதிய பலகை

குழிக்காரி என்றால்தான் அவளைத் தெரியும். வயல்களிலிருந்து வடியும் தண்ணீர், மரச்சில்லு நிரப்பிய நீளக் குழி ஒன்றில் புகுந்து வெளியே வரும். அந்தக் குழிக்கு அவள்தான் பொறுப்பு. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் உரக்கடையில் மூட்டை எடை போட்டவள். "ஒரு மூட்டை போதும்னு சொன்னா மூணு கேப்பாங்க. பயிர் தின்ன மிச்சம் எங்க போகும்? தண்ணிலதான்" என்பாள். விற்ற கையாலேயே வடிகட்டவும் வேண்டியதாயிற்று.

குழிக்குள் உழைப்பவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். காற்றுப் புகாத இருட்டில் மரச்சில்லைத் தின்னும். மூச்சுக்குக் காற்று கிடைக்காமல், தண்ணீரில் கரைந்த உர உப்பான நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும். அந்த உப்பு காற்றாகிக் கலைந்துவிடும். தண்ணீர் அவசரமாக ஓடினால் காரியம் நடக்காது. அதனால் மதகுப் பலகையை ஏற்றி இறக்கி அரை நாளாவது தேக்கி வைப்பாள். காலையில் வெளியேறும் தண்ணீரில் சோதனைத் தாளை நனைப்பாள். வெளுத்திருந்தால் நிம்மதி, சிவந்தால் ஆபத்து.

அந்தத் தண்ணீர் சேரும் குட்டையிலிருந்துதான் பதினெட்டு வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் போகிறது. அதில் ஒரு வீட்டில் அவள் மகள், இரண்டு மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்குகிறாள். நைட்ரேட் மிகுந்தால் பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு ஏறாது, உடம்பு நீலம் பாரித்துவிடும்.

வினை ஒரு சொல்லில் வந்தது. குழியோரம் நட எச்சரிக்கைப் பலகை எழுத வந்த பெயின்டரிடம் 'நுண்ணுயிர்' என்று எழுதச் சொன்னாள். "யாருக்கும்மா அது புரியும்? கிருமின்னு போடுவோம், எழுத்தும் கம்மி" என்றான் அவன். அவளும் தலையாட்டித் தொலைத்தாள். 'குழியில் கிருமிகள் உள்ளன. கை வைக்காதீர்.'

நான்கு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தால், குழியைச் சுற்றி மூக்கைத் துளைக்கும் ப்ளீச்சிங் நெடி. சுகாதார ஆபீஸ் முத்திரை குத்திய காலிச் சாக்குகள் ஐந்து கிடந்தன. சோதனைத் தாளை நனைத்தாள். சிவந்தது. குட்டைக்கு ஓடி நனைத்தாள். அங்கேயும் சிவந்தது. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சும்மாவா? ஏழு வருஷம் வளர்த்தவற்றை ஒரே பகலில் கொன்று தீர்த்திருக்கிறார்கள்.

சுகாதார மேற்பார்வையாளர் வண்டியில் வந்து இறங்கினார்.

"என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க?"

"மேலிடத்துலருந்து பார்வையிட வர்றாங்கம்மா. கிருமி இருக்குன்னு நீங்களே போர்டு வச்சிருக்கீங்க. விட்டுவைக்க முடியுமா?"

"அதுங்கதான் சார் தண்ணிய சுத்தம் பண்ணுச்சு! இப்ப குட்டையே நைட்ரேட்டு!"

"பதட்டப்படாதீங்க. மாதிரி எடுத்து அனுப்பினா பதினஞ்சு நாள்ல ரிப்போர்ட் வரும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. தண்ணில வாடை வருதுன்னாங்க, வீட்டுக்கு வீடு காய்ச்சிக் குடிக்கச் சொல்லியாச்சு."

"காய்ச்சினா தண்ணிதான் சார் ஆவியாப் போகும்! உப்பு அப்படியே நிக்கும், இன்னும் கெட்டியாகும்! உங்களை எவன் சார் உத்தியோகத்துல வச்சான்?"

பதிலுக்கு நிற்காமல் ஓடினாள். வயதையும் பார்க்கவில்லை, காய்ச்சலில் இளைத்த உடம்பையும் பார்க்கவில்லை. வாயில் வந்த வசவெல்லாம் அந்த ஆளுக்கும் பெயின்டருக்கும் போனது. பாதி அவளுக்கே. ஆனாலும் கேட்காமல் பவுடரைக் கொட்டியது அவளா?

மகள் சமையலறையில் குழந்தையை மடியில் வைத்துப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பாத்திரம் கொதித்து, தண்ணீர் அடியில் நாலு விரல்தான் மிஞ்சியிருந்தது.

"வாம்மா. காய்ச்சிக் குடுங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. பாப்பாவுக்காச்சேன்னு நான் நாலு தடவை காய்ச்சினேன்."

புட்டியைப் பிடுங்கி எறிந்தாள். உதட்டைப் பார்த்தாள், நகக்கண்ணைப் பார்த்தாள். பசி பாதியில் அறுந்த குழந்தை வீறிட்டு அழுதது.

"என்னம்மா பண்றே? பச்சப் புள்ள அழுவுது!"

"அழட்டும்டி. செவந்து போய் அழட்டும். தூக்கிட்டு டாக்டர்கிட்ட கிளம்பு. நான் மத்த பதினேழு வீட்டுக்கும் சொல்லிட்டு வந்துடறேன்."