மைமூனுக்கு எல்லாம் தெரியும்

செல்வி, வசந்தா, இதை நீங்கள் இருவரும் படித்ததும் கிழித்துவிடுங்கள். வேறு யாரிடமும் காட்டிவிடாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

எனக்கு மஞ்சள் காமாலை இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லச் சொன்னது அம்மா. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போவது தெரிந்தால் நாளைக்கு யாரும் பெண் கேட்டு வரமாட்டார்களாம்.

இன்று அங்கே உடம்புக்குக் கரண்ட் வைக்கும் அறைக்கு வெளியே என் பக்கத்தில் மைமூன் உட்கார்ந்திருந்தாள். கோரிப்பாளையத்துப் பெண். என் வயதுதான்.

"எனக்குப் புற்றுநோய். இன்னும் பத்து தடவ கரண்ட் வைக்கணும். முடி கொட்டும், அப்புறம் மொளைச்சிரும்னு டாக்டர் சொன்னாரு" என்றாள்.

"உங்கிட்டயேவா சொன்னாரு?"

"எங்கத்தா என்னையப் பக்கத்துல உக்கார வச்சுத்தான் பேசுவாரு. ஒனக்கு என்னடி?"

"ரத்தக் கொறச்சல்னுதான் அப்பா சொன்னாரு."

"அதுக்கா இம்புட்டுப் பேரு இங்க உக்காந்திருக்கோம்?" என்று சிரித்தாள்.

அவளைக் கிள்ள வேண்டும் போலிருந்தது. அவள் அத்தா அப்படி. என் அப்பாவோ டாக்டர் வாயைத் திறந்தாலே, "தண்ணி குடிச்சிட்டு வா தாயி" என்று என்னை வெளியே அனுப்பிவிடுவார். அவளுக்கும் பயம்தான். ஆனால் எதற்குப் பயப்படுகிறோம் என்று அவளுக்குத் தெரிகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சோழவந்தான் பஸ்ஸில், "எனக்கும் அதுதானாப்பா?" என்று கேட்டேன். அப்பா முறுக்கு வாங்கிக் கொடுத்தார்.

இனிமேல் கீழாநெல்லி கொடுத்தனுப்பாதீர்கள். கசப்பு தாங்கவில்லை. நீங்களாக இருந்தால் மறுபடியும் கேட்பீர்களா, முறுக்கைத் தின்றுவிட்டுச் சும்மா இருப்பீர்களா? எழுதுங்கள்.

அப்பா கதவைத் தட்டுகிறார். "தாயி, முழிச்சிருக்கியா? நீ பஸ்ஸில கேட்டியே..."